படம் பார்த்து எழுதும் இருபது நிமிடம்

புனேயில் அப்பா பல்வந்த் சௌக் என்றால் புத்தகக் கடைத்தெரு. பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் அங்கே நடக்கவே இடம் கிடைக்காது. பிள்ளைகளுக்குப் பாடநூலும் கைடும் வாங்க வந்த பெற்றோர் ஒரு பக்கம், வெளிநாட்டுக்குக் கிளம்பும் முன் ஐஇஎல்டிஎஸ் பயிற்சி நூல் தேடும் இளம் பொறியாளர்கள் இன்னொரு பக்கம். இரண்டு கூட்டமும் பையில் போட்டுக்கொண்டு போகும் புத்தகங்களில் ஒரு கேள்வி பொதுவாக இருக்கிறது. ஒரு பட்டைப் படமோ வட்டப் படமோ அட்டவணையோ ஊர்ப்படமோ அச்சிட்டிருப்பார்கள். அதைப் பார்த்து ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுத வேண்டும்.

மகாராஷ்டிர மாநிலக் கல்வி வாரியத்தின் தலைமையகமும், பாடநூல்களை உருவாக்கும் பாலபாரதியும் இருப்பது இதே ஊரில்தான். பாலபாரதி 1967இல் தொடங்கப்பட்டது. வாரியத்தின் பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளில் இந்தக் கேள்விக்கு ‘இன்ஃபர்மேஷன் டிரான்ஸ்ஃபர்’ என்று பெயர். சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பில் ‘அனலிட்டிகல் பாராகிராஃப்’ என்பார்கள்; 100 முதல் 120 சொல், 5 மதிப்பெண். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு மாணவருக்கு ரோடு மேப் கேள்வி தெரியும்: வழி கேட்கும் வெளியூர்க்காரருக்குப் படத்தைப் பார்த்து வழி சொல்ல வேண்டும். இலங்கையில் சாதாரண தரத் தேர்வு எழுதும் பிள்ளைகளும், மலேசியாவில் பழைய முறையில் முயெட் தேர்வு எழுதிய தமிழர்களும் இதே வேலையைச் செய்தவர்கள். ஆனால் அதிகப் பணமும் பதற்றமும் புரள்வது ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் தேர்வின் ‘டாஸ்க் ஒன்’றில்தான். குறைந்தது 150 சொல் எழுத வேண்டும்; அதற்கு இருபது நிமிடம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அடுத்து வரும் கட்டுரைக்கு நாற்பது நிமிடம், அதற்கு மதிப்பும் இரண்டு மடங்கு. அதனால் முதல் கேள்வியைச் சின்னக் கேள்வி என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் நிறைய. பிரிட்டனில் பதிவு செய்ய விரும்பும் நர்ஸ் இந்தத் தேர்வின் வழியாகப் போனால் எழுத்தில் 6.5 பேண்ட் எடுத்தாக வேண்டும். அரை பேண்ட் குறைந்ததால் மறுபடி பணம் கட்டியவர் இல்லாத மருத்துவமனை விடுதி தமிழ்நாட்டில் இருக்குமா என்பது சந்தேகம்தான்.

இப்படியொரு கேள்வி தேர்வுக்குள் எப்படி வந்தது? ஐஇஎல்டிஎஸ் 1989இல் தொடங்கியது. அதற்கு முன்னோடியான இஎல்டிஎஸ் 1980இல் வந்தது. பல்கலைக்கழகத்தில் படிக்கப் போகிறவர் அங்கே என்ன எழுதுவாரோ அதையே தேர்விலும் எழுத வைக்க வேண்டும் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. அறிவியல் மாணவர் அட்டவணையைப் படித்து அறிக்கை எழுதுவார், ஆகவே தேர்விலும் அட்டவணை. அமெரிக்காவிலும் இதே யோசனை ஓடியது. பிரிஜ்மேன், கார்ல்சன் இருவரும் 1983இல் பல்கலைக்கழகத் துறைகளிடம் எந்த வகை எழுத்து வேலை தேவைப்படுகிறது என்று விசாரித்தார்கள். டோஃபலோடு 1986இல் சேர்ந்த எழுத்துத் தேர்வில் படத்தை விளக்கும் கேள்வியும் முதலில் இருந்தது, பின்னர் அது கைவிடப்பட்டது. ஐஇஎல்டிஎஸ் அதை விடவில்லை. 2009இல் வந்த பிடிஇ என்ற ஆங்கிலத் தேர்வு அதையே பேச்சுக்கு மாற்றியது: படத்தைப் பார்க்க 25 விநாடி, பேச 40 விநாடி. புனேயின் மாக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் படித்துவிட்டு டெஸ்ட்டாஃப் என்ற ஜெர்மன் மொழித் தேர்வு எழுதப் போன மாணவர்களுக்கும் பழைய அமைப்பில் ஒரு படம் காத்திருந்தது. அங்கே படத்தை விவரித்த பிறகு சொந்தக் கருத்தையும் எழுத வேண்டும். இந்த வேறுபாட்டைப் பற்றிப் பின்னர் பேசுகிறேன்.

ஐஇஎல்டிஎஸ் கேள்வியின் அடியில் வழக்கமாக வரும் கட்டளை மூன்று வேலைகளைக் கேட்கிறது: முக்கியமானதைத் தேர்ந்தெடு, சொல், பொருத்தமான இடத்தில் ஒப்பிடு. மதிப்பிடும் அளவுகோலும் இதையே பின்பற்றுகிறது. ஒட்டுமொத்தப் போக்கு இன்னது என்று தெளிவாகத் தெரிந்தால் ஏழாம் பேண்டை நோக்கிப் போகலாம். போக்கைச் சொல்லாமல் எண்களை இயந்திரம்போல் அடுக்கிக்கொண்டே போனால் ஐந்தில் நிற்க வேண்டியதுதான். பயிற்சி வகுப்புகளில் இந்த ஒட்டுமொத்த வாக்கியத்தை ‘ஓவர்வியூ’ என்கிறார்கள். அதை எழுத வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் தகராறு.

நான் பார்த்த மாணவர் நோட்டுகளில் பெரும்பாலும் வாக்கியம் முன்னால் வருகிறது, படம் பின்னால் வருகிறது. ‘ஒட்டுமொத்தமாக நோக்குமிடத்து’ என்று தொடங்கும் ஒரு டெம்ப்ளேட், ‘கணிசமாக’, ‘திடீரென’, ‘படிப்படியாக’ என்பதற்கெல்லாம் ஆங்கிலச் சொல் வரிசை, கடைசியில் காலி இடம். படம் என்னவாக இருந்தாலும் அதில் உள்ள எண்ணை எடுத்துக் காலி இடத்தில் நட்டுவிடலாம். நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை நன்னூல் பட்டியலிடுகிறது. அதில் மிகைபடக் கூறல், கூறியது கூறல், வெற்றெனத் தொடுத்தல் மூன்றையும் ஒரே பத்தியில் காட்ட இந்த டெம்ப்ளேட் விடைகள் போதும். மனப்பாடச் சொற்றொடர்களுக்கு மதிப்பு இல்லை என்று தேர்வு நடத்துகிறவர்கள் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் டெம்ப்ளேட் விற்கிறது. இதில் பயிற்சியாளர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆறு வாரத்தில் பேண்ட் ஏற வேண்டும் என்று பணம் கட்டியவருக்குக் கண்ணைப் பழக்கிக் கொடுக்க யாருக்கு நேரம் இருக்கிறது?

கண்ணைப் பற்றி ஆய்வுகள் சொல்வது சுவாரசியமானது. கோட்டுப் படத்தையும் பட்டைப் படத்தையும் 1786இல் வெளியிட்டவர் ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் பிளேஃபேர். வட்டப் படத்தை 1801இல் கொண்டுவந்தவரும் அவரே. ஒரே எண்ணை எப்படி வரைகிறோமோ அப்படித்தான் பார்ப்பவர் வாயிலும் வாக்கியம் வரும் என்பதை ஸாக்ஸ், ட்வெர்ஸ்கி இருவரும் 1999இல் காட்டினார்கள். பட்டையாக வரைந்தால் ‘இது அதைவிட அதிகம்’ என்கிறார்கள். கோடாக வரைந்தால் ‘ஏறுகிறது, இறங்குகிறது’ என்கிறார்கள். ஆண், பெண் சராசரி உயரம் என்ற இரண்டு புள்ளிகளைக் கோடு போட்டு இணைத்தால், ஆண் தன்மை கூடக் கூட உயரம் கூடுகிறது என்று பொருள்படச் சொன்னவர்களும் இருந்தார்கள். கிளீவ்லண்டும் மெக்கில்லும் 1984இல் கண்டது: ஒரே அச்சில் இருக்கும் இடங்களை ஒப்பிடுவதில் கண் கெட்டி, கோணத்தையும் பரப்பையும் கணிப்பதில் தடுமாறும். வட்டப் படத்தில் எண்ணைப் பக்கத்திலேயே அச்சிடுவது இந்தத் தடுமாற்றத்துக்குத்தான். ஆக, பேனாவை எடுப்பதற்கு முன்பே வரைந்தவர் நம் வாக்கியத்தைப் பாதி எழுதிவிடுகிறார். அதை ஏற்பதா மறுப்பதா என்று முடிவெடுப்பதிலிருந்துதான் திட்டமிடல் தொடங்குகிறது.

திட்டமிட நேரம் ஒதுக்கினால் பலன் உண்டா? இங்கே ஆய்வாளர்கள் ஒரே குரலில் பேசவில்லை. எல்லிஸும் யுவானும் 2004இல் சீன மாணவர்களைப் படம் பார்த்துக் கதை எழுதச் சொன்னார்கள். முன்கூட்டி யோசித்தவர்களுக்குச் சரளமும் வாக்கிய வகையும் கூடின. அவசரமில்லாமல் எழுதிக்கொண்டே யோசித்தவர்களுக்குப் பிழை குறைந்தது. இரண்டும் கிடைக்காதவர்கள் பின்தங்கினார்கள். ஸ்பானிய மொழி பேசும் மாணவர்களிடம் ஜான்சனும் குழுவினரும் 2012இல் பார்த்தபோது, சரளத்தில் சிறு பலன் தவிர வேறெதுவும் பெரிதாகத் தெரியவில்லை. வரைபடத்தை வாயால் விவரிக்கும் தேர்வை ஆராய்ந்த ஷி ஷியாவ்மிங் 2005இல் சொன்னது நமக்கு இன்னும் நெருக்கமானது: படத்தில் தனித்தனியாகத் தெரியும் கூறுகள் குறைந்தாலும், யோசிக்க நேரம் கிடைத்தாலும் விவரிப்பு மேம்படுகிறது. மெல்போர்னில் ஓலாக்லின், விகிள்ஸ்வொர்த் 2003இல் ஐஇஎல்டிஎஸ் கேள்வியையே எடுத்துக்கொண்டார்கள். தகவல் குறைவாக உள்ள படங்களுக்குத்தான் மாணவர்கள் செறிவான மொழியில் எழுதினார்கள்.

இவற்றைச் சேர்த்துப் படித்தால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. பேப்பரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நான்கு நிமிடத்துக்குத் தனியாக எந்த மகிமையும் இல்லை. அந்த நான்கு நிமிடத்தில் படத்தைச் சிறிதாக்கினோமா என்பதே கேள்வி. பன்னிரண்டு பட்டை இருந்தால் மூன்று குவியலாக்க வேண்டும். கூறுகள் குறைந்த படத்துக்கு நல்ல மொழி வருகிறது என்றால், குறைக்கும் வேலையை மாணவரே செய்துகொள்ளலாமே.

இதற்கு முன்மாதிரி தேடி எங்கும் போக வேண்டாம். புனே சிவாஜிநகரில் ‘சிம்லா ஆபீஸ்’ என்று ஊர்க்காரர்கள் இன்றும் சொல்லும் வானிலை அலுவலகம் இருக்கிறது. இந்திய வானிலைத் துறை சிம்லாவிலிருந்து 1928இல் இங்கே இடம்பெயர்ந்ததன் எச்சம் அந்தப் பெயர். வரைபடத்தைப் பார்த்து வாக்கியம் எழுதுவதே இந்தத் துறையில் பலருக்குச் சம்பளம் தரும் வேலை. நவம்பர் மாதத்தில் சென்னை மண்டல மையம் விடும் மழை அறிக்கையை நினைத்துப் பாருங்கள். தென்மேற்கு வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி நிலவுகிறது என்று தொடங்கும். அது ஓவர்வியூ. பிறகு மாவட்டங்கள் குவியலாக வரும்: வட கடலோரம், டெல்டா, தென் மாவட்டங்கள், உள் மாவட்டங்கள். முப்பத்தெட்டு மாவட்டத்தையும் அகர வரிசையில் யாரும் வாசிப்பதில்லை. கடைசியில் அதிகபட்ச மழை பெய்த ஊர்கள், சென்டிமீட்டர் கணக்கோடு. சின்னத் தூறல் விழுந்த ஊர் அதில் இராது.

அந்த அறிக்கையின் சொற்களையும் கவனியுங்கள். ‘ஓரிரு இடங்களில்’ என்றால் அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் கால் பங்குக்கு மேல் போகாது. ‘கனமழை’ என்றால் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 வரை, அதற்கு மேல் 204.4 வரை ‘மிகக் கனமழை’. அதையும் தாண்டினால் ‘அதி கனமழை’. ‘மிக’வும் ‘அதி’யும் எழுதுகிறவரின் உணர்ச்சியைச் சொல்பவை அல்ல, அளவைச் சொல்பவை. ஐஇஎல்டிஎஸ் விடையில் எல்லா ஏற்றத்தையும் ‘வியக்கத்தக்க’ ஏற்றம் என்று எழுதும் மாணவருக்கு இந்த ஒழுங்கு உதவும். இரண்டு விழுக்காடு கூடியதற்கு வியக்க என்ன இருக்கிறது?

இனி ஒரு படத்தை எடுத்துத் திட்டமிட்டே பார்க்கலாம். புனே மாநகராட்சி, பக்கத்து பிம்பிரி-சிஞ்ச்வட் மாநகராட்சி, இரண்டின் மக்கள்தொகைக் கணக்கு:

புனே 2001இல் 25,38,473. 2011இல் 31,24,458.
பிம்பிரி-சிஞ்ச்வட் 2001இல் 10,12,472. 2011இல் 17,27,692.

நான்கே எண். சாதாரணமாக வரும் விடை இந்த நான்கையும் நான்கு வாக்கியமாக்கி, இரண்டு ஊரிலும் மக்கள் கூடினார்கள் என்று முடியும். தவறு ஒன்றும் இல்லை, பயனும் இல்லை. கேள்வித்தாளின் ஓரத்தில் ஒரு நிமிடம் கணக்குப் போட்டால் படம் வேறு முகம் காட்டுகிறது. புனே சுமார் 23 விழுக்காடு வளர்ந்தது. பிம்பிரி-சிஞ்ச்வட் சுமார் 71 விழுக்காடு. பெரிய ஊரில் கூடியவர்கள் 5.86 லட்சம், சின்ன ஊரில் கூடியவர்கள் 7.15 லட்சம். அதாவது சின்ன ஊர் வேகத்தில் மட்டுமல்ல, ஆள் கணக்கிலும் முந்திவிட்டது. இரண்டரை மடங்காக இருந்த வித்தியாசம் 1.8 மடங்காகச் சுருங்கியது. இப்போது ஓரக் குறிப்பு மூன்று வரியாகிறது: இரண்டும் ஏறின, சின்னது அதிகம் சேர்த்தது, பெரியது இன்னும் பெரியது. முதலும் மூன்றும் ஒட்டுமொத்த வாக்கியத்துக்கு. இரண்டாவது உடல் பத்திக்கு. ஏழு இலக்க எண்ணை அப்படியே எழுதத் தேவையில்லை.

இங்கே நம்மவர் சறுக்கும் இன்னோர் இடம், லட்சம். 25.4 லட்சம் என்பது 2.54 மில்லியன். அவசரத்தில் 25.4 மில்லியன் என்று எழுதினால் புனே ஆஸ்திரேலியா அளவு ஆகிவிடும். ‘5 ஏறியது’, ‘5 ஆக ஏறியது’ என்ற வேறுபாடு மட்டும் பலருக்கு ஏன் ஆங்கிலத்தில் கைநழுவுகிறது என்று எனக்குப் புரிந்ததே இல்லை. தமிழில் அந்த ‘ஆக’வை யாரும் மாற்றிப் போடுவதில்லை, மராத்தியரும் ‘னே’யையும் ‘பர்யந்த்’தையும் குழப்புவதில்லை. சொந்த மொழியில் முதலில் குறித்துக்கொண்டால் ஆங்கிலத்தின் ‘பை’யும் ‘டூ’வும் சரியான இடத்தில் உட்காரும். குறிப்பை ஆங்கிலத்திலேயே எடுக்க வேண்டும் என்று கண்டிப்பு காட்டும் வகுப்புகளோடு இதில் நான் உடன்படவில்லை.

கோட்டுப் படத்துக்கும் இதே வழிதான். புனே, சென்னை இரண்டின் மாத மழையைக் கோடாக வரைந்தால், புனே ஜூலையில் உச்சம் தொடும், சென்னை நவம்பரில். ஜனவரி தொடங்கி டிசம்பர் வரை புனேக்கு ஒரு பத்தி, பிறகு அதேபோல் சென்னைக்கு ஒரு பத்தி என்று எழுதினால் ஒப்பீட்டைப் படிப்பவர் தலையில் கட்டிவிடுகிறோம். ஒரு மேடு முன்னால், ஒரு மேடு பின்னால், பின்னது உயரம் என்று பிடித்துவிட்டால் போதும்.

ஊர்ப்படம் வேறு ஜாதி. தமிழில் ‘வரைபடம்’ என்ற ஒரே சொல் கோட்டுப் படத்துக்கும் ஊர்ப்படத்துக்கும் புழங்குகிறது. மராத்தியில் முன்னது ஆலேக், பின்னது நகாஷா. ஊர்ப்படத்தில் எண் கிடையாது. எனவே ‘அதிகம்’, ‘குறைவு’ கை கொடுக்காது. திசையும் அடையாளமும்தான் கை கொடுக்கும். புனேயின் ஹடப்சர் பகுதியை எடுத்துக்கொள்வோம். முன்பு கரும்பு விளைந்த 400 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில், 2000த்தை ஒட்டித் தொடங்கி மகர்பட்டா சிட்டி எழுந்தது: அலுவலகக் கோபுரங்கள், அடுக்குமாடிகள், பள்ளி, நடுவே பூங்கா. இதை முன்பும் பின்பும் என்று இரண்டு படமாகக் கொடுத்தால் மாணவர் உடனே புதிதாக வந்தவற்றை எண்ணத் தொடங்குவார். நான் முதலில் குறிக்கச் சொல்வது மாறாமல் நிற்பதை. மாறாத சாலை எது, கால்வாய் எது என்று பிடித்துவிட்டால், அதற்கு வடக்கே, அதை ஒட்டி, அதன் மறு கரையில் என்று மற்றதெல்லாம் தானாக இடம் பிடிக்கும். நம் ரோடு மேப் கேள்வி இதில் ஒரு தீய பழக்கத்தையும் விட்டுச் சென்றிருக்கிறது: நேரே போ, இடது பக்கம் திரும்பு என்று ஏவுவது. ஐஇஎல்டிஎஸ் படத்தில் நடக்க ஆள் இல்லை. ‘வயல் பிளாட் ஆகிவிட்டது’ என்று நாம் சாதாரணமாகச் சொல்வதற்கு ஆங்கிலம் செயப்பாட்டு வினை கேட்கும். ஊர்ப்படத்துக்கு வேண்டிய இலக்கணத்தில் பாதி அதுதான்.

மகர்பட்டாவின் உண்மைக் கதை படத்தில் வராது. நிலத்தை விற்றுவிட்டுப் போகாமல், விவசாயக் குடும்பங்கள் சேர்ந்து நிறுவனம் அமைத்துப் பங்குதாரர்களாக நின்றதுதான் அந்த ஊரின் விசேஷம். ஐஇஎல்டிஎஸ் விடையில் அதை எழுதக் கூடாது. படத்தில் இல்லாத காரணத்தைச் சேர்த்தால் அது நன்னூல் சொல்லும் மற்றொன்று விரித்தல். பிம்பிரி-சிஞ்ச்வட் ஏன் வளர்ந்தது, ஆலைகளாலா, ஹிஞ்சவடி ஐடி பூங்காவாலா என்பதும் அப்படியே. டெஸ்ட்டாஃப் எழுதியவரோ கருத்துச் சொல்லாவிட்டால் மதிப்பெண் இழந்தார். ஒரே ஊரில் ஒரே மாணவர் காலையில் ஒரு வகுப்பில் காரணம் எழுதப் பழகி, மாலையில் இன்னொரு வகுப்பில் அதற்கே திட்டு வாங்க நேரும். எது சரி என்று கேட்டால், அறிவுக்கு நெருக்கமானது ஜெர்மன் முறை என்பேன். எந்தப் பல்கலைக்கழகமும் எண்ணைச் சொல்லிவிட்டு வாயை மூடு என்று சொல்வதில்லை. ஆனால் படத்தில் உள்ளதையும் தன் ஊகத்தையும் பிரித்தறியப் பழக்குவதில் ஐஇஎல்டிஎஸ் கண்டிப்புக்கு ஒரு பயன் உண்டு என்பதையும் மறுக்க முடியாது.

பயிற்சிக்கு எதைக் கையாளலாம் என்றால், நான் மாநில வாரியத்தின் பக்கம். அதன் கேள்வி இரு வழிச் சாலை: படத்தைப் பத்தியாக்கு, அல்லது பத்தியைப் படமாக்கு. இரண்டாவதைச் சுலபம் என்று மாணவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் ஒரு பத்தியை அட்டவணையாக்க வேண்டுமென்றால் தலைப்பு எது, பிரிவு எது, எந்தத் தகவல் எந்தக் கட்டத்துக்கு என்று முடிவு செய்தாக வேண்டும். திட்டமிடல் என்று நாம் பேசிக்கொண்டிருப்பது முழுக்க அதுதான், ஆங்கில வாக்கியத்தின் தொல்லை இல்லாமல். ஐஇஎல்டிஎஸ் வகுப்பில் நல்ல மாதிரி விடை ஒன்றைக் கொடுத்து, அதிலிருந்து படத்தை வரையச் சொன்னால் எத்தனை பேரால் முடியும் என்று பார்க்கலாம். வரைய முடியாத விடையில் ஓவர்வியூ இல்லை என்று அர்த்தம்.

மேலே போட்ட மக்கள்தொகை அட்டவணைக்கு மூன்றாவது நெடுவரிசை வரப்போகிறது. 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. அடுத்ததற்குக் குறித்த நாள் 2027 மார்ச் 1. இரண்டு ஆண்டு மூன்று ஆண்டானதும் ஒப்பீடாக இருந்தது போக்காக மாறும், பட்டைக்குப் பதில் கோடு வரலாம், ஓரக் குறிப்பை முதலிலிருந்து போட வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. புனே மாநகராட்சி 2017இல் 11 கிராமங்களையும் 2021இல் மேலும் 23 கிராமங்களையும் சேர்த்துக்கொண்டது. அட்டவணையில் ‘புனே’ என்றே அச்சாகும். 2011இன் புனேயும் 2027இன் புனேயும் ஒரே நிலம் அல்ல என்பது ஊர்ப்படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு மட்டுமே தெரியும்.